மூன்றா, எட்டா

காலையில் வந்த முதல் துப்பாக்கியைத் தேநீர் ஆறுவதற்குள் தெல்பின் படித்து முடித்துவிட்டாள். சீனப் படை எப்போதோ கழித்துவிட்ட பழைய ரைஃபிள் அது. கப்பலேறி, நாடு நாடாக விலைபோய், சேகரிப்பாளர்கள் பலரின் கைமாறி, கடைசியில் தூத்துக்குடி ஆண்டறி நிலையத்துக்கு வந்திருந்தது. உலோகமானி ஒரு துப்பாக்கியின் வயதைப் பத்தாண்டு முன்பின்னாகத்தான் சொல்லும். சரியான ஆண்டைச் சொல்ல, ஆலை முத்திரையைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். முக்கோணத்துக்குள் இருபத்தாறு என்றிருந்தால் எந்த ஆலை என்று தெரிந்துவிடும். வரிசை எண்ணின் முதல் இலக்கத்தை 1956-உடன் கூட்டினால் அது செய்யப்பட்ட ஆண்டு.

"ஏழு. அறுபத்து மூன்றாம் ஆண்டு. இளங்கலன்" என்றாள் தெல்பின். ஓடுபட்டை துப்பாக்கியை உலைக்கு இழுத்துச் சென்றது. கண்ணாடிக்கு வெளியே நின்ற அதன் சொந்தக்காரர் கைகூப்பி அழுதார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆயுதங்களை ஒழித்தபோது உலகம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது: யாரும் மறந்துவிடக் கூடாது. 1960-க்கு முன் செய்யப்பட்டவை முதுகலன்கள். குழலை அடைத்து, யாரிடம் இருந்ததோ அவர் வீட்டுக் கூடத்தில் வாசலைப் பார்த்து நிறுத்த வேண்டும். துணி போட்டு மூடக்கூடாது, எதிரே எதையும் வைத்து மறைக்கக்கூடாது. அவருக்குப் பின் பிள்ளைகள் காக்க வேண்டும். பிந்தையவையான இளங்கலன்களுக்கு மட்டும் உருகும் உரிமை இருந்தது.

அடுத்து உள்ளே வந்தவள் இசக்கிச்செல்வி. அவளைத் தெல்பினுக்குத் தெரியும்.

தெல்பினின் கணவன் ரெமிஜியூஸ் அதே நிலையத்தில் குழலடைப்பவன். முதுகலன்களில் பதிவெண் வெட்டுவதும், வீடு வீடாகப் போய் அடைப்பைச் சோதிப்பதும் அவன் வேலை. வருடத்துக்கு ஒருமுறை போனால் போதும். இசக்கிச்செல்வியின் வீட்டுக்கு மட்டும் வாரம் தவறாமல் போனான். திரும்பி வரும்போது சட்டையில் சாம்பிராணி வாசம் இருக்கும். கேட்டால், "அடைப்பு லேசா விட்டிருக்கு" என்பான். அவன் வைத்த அடைப்பு வேறு எந்த வீட்டிலும் விட்டதில்லை.

"ஆண்டு தப்பாப் பதிஞ்சிருக்காம். மறுபடி பாக்கணும்னு எழுதிக் கொடுத்தேன் மேடம்" என்றாள் இசக்கிச்செல்வி.

அவள் கொண்டுவந்த துப்பாக்கியின்மேல் தெல்பின் விளக்கைத் தாழ்த்தினாள். முக்கோணம், இருபத்தாறு. வரிசை எண் எட்டில் தொடங்கியது. அறுபத்து நான்கு, இளங்கலன். சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். எட்டின் வலப்புற வளைவுகள் ஆழமின்றி, ஓரம் மழுங்கிக் கிடந்தன. இடப்புறம் மட்டும் ஓரம் கூர்மையாக இருந்தது. வெட்டு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரன் உளி பிடித்தால்தான் அப்படிச் சாயும். அந்தச் சாய்வை அவள் தன் கணவன் வெட்டிய ஆயிரம் பதிவெண்களில் பார்த்திருக்கிறாள். அவர்கள் கல்யாண மோதிரத்தின் உள்பக்கத்திலும் அதே சாய்வுதான்.

அது மூன்றாக இருந்த எட்டு.

அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். ரெமிஜியூஸ் அவள் முகத்தைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்தான்.

"பிடிச்சா ஜெயிலு. தெரியும்லா?"

"தெரியும்."

"அவளுக்காகவா?"

"பாவம், தெல்பின். அந்தத் துப்பாக்கியப் பாத்துப் பாத்துச் செத்துட்டிருக்கா."

"எனக்காக ஒரு ஆணி அடிச்சிருக்கீங்களா? சாமி படம் மாட்டணும்னு எத்தன மாசம் கேட்டேன்?"

அவன் உளியைத் துணியால் துடைக்கத் தொடங்கினான். அவளுக்காக இல்லை என்று ஒரு வார்த்தை பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

திரும்பி வந்து இசக்கிச்செல்வியின் எதிரே உட்கார்ந்தாள். "இத ஏன் உருக்கணும்ங்க?"

இசக்கிச்செல்வி துப்பாக்கியைப் பார்க்காமல் பேசினாள். "குழல் அடைக்குததுக்கு முந்தி எங்கப்பா இதத் தொடச்சிட்டிருந்தாரு மேடம். உள்ள ஒரு குண்டு கெடந்திருக்கு. அண்ணன் எதுத்தாப்ல சாப்பிட்டுட்டிருந்தான். அந்த எடத்துலதான் இது இப்பவும் நிக்கி. தெனமும் அதத் தாண்டித்தான் வெளிய போறேன்."

தெல்பினுக்கு மனம் இளகியது. எட்டு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் ஒரு பொய் சொல்வதைச் சந்தேகிக்க இந்த நகரத்தில் யாருமில்லை.

"நான் எப்பவோ நம்பிக்கை விட்டுட்டேன்" என்றாள் இசக்கிச்செல்வி. "அவருதான் தைரியம் சொன்னாரு."

அவரு. பெயர் சொல்லவில்லை. வீட்டில் கட்டினவள் சொல்கிற மாதிரி, வெறும் அவரு.

தெல்பின் ஒலிவாங்கியின் பக்கம் திரும்பினாள். "எண் மூன்று. ஐம்பத்தொன்பதாம் ஆண்டு. இடப்புறக் கோடு துருவரிப்பு. முதுகலன்."

சொன்னதில் ஆண்டு உண்மை, துரு பொய். கணவனைக் காப்பாற்றியாயிற்று, சத்தியமும் தவறவில்லை என்று நினைத்துக்கொண்டாள். இசக்கிச்செல்வி அழவில்லை. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கக் குனிந்தாள்.

கதவருகே ரெமிஜியூஸ் நின்றிருந்தான். தீர்ப்பான முதுகலனை அந்த அறையிலேயே வேறொருவர் விரும்பி ஏற்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. இதுவரை எவரும் முன்வந்ததில்லை.

"நான் ஏத்துக்கிடுதேன்" என்றான்.

"யார் வீட்டுக்கு?" என்றாள் தெல்பின்.

"நம்ம வீட்டுக்குத்தான். எனக்கு வேற வீடு ஏது?"

இசக்கிச்செல்வி அவனைப் பார்த்தாள். தன் கணவனை வேறொருத்தி அப்படிப் பார்க்கிறாளே என்று தெல்பினுக்கு நெஞ்சு எரிந்தது. அந்தப் பார்வையில் நன்றியைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதும் தெரிந்தது. எரிச்சல் அதனால் குறையவில்லை.

அதன் பிறகு அவன் அந்த வீட்டுக்குப் போகவில்லை. போக வேலையும் இல்லை. சாயங்காலம் நேரே வீட்டுக்கு வந்தான். சாமி படத்துக்கு ஆணிகூட அடித்தான். பிறகு நாற்காலியைக் கூடத்துத் துப்பாக்கிக்கு எதிரே சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்துவிடுவான். கேட்டதற்குப் பதில் சொல்வான். கண் மட்டும் அதன்மேல்தான் இருக்கும்.

"அதுல என்னதான் பாக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நீ படிச்சது சரிதான். மூணுதான்."

தெல்பின் தன் நாற்காலியை இழுத்துவந்து அவனுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தாள். கூடத்துச் சுவரிலிருந்த கண்காணிக் கருவி உடனே கீச்சிட்டது. மறைக்கக் கூடாது. அவள் எழுந்து, நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.