இன்றைய தேதி

கடையில் வைத்தீஸ்வரனைத் தவிர யாருமில்லை, அவனுக்குச் சளியும் இல்லை. ஆனாலும் நீலகிரித் தைலத்தின் வாசனை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் பத்தடிக்குப் பத்தடி அறை. வாசலில் ‘தையல் டி.டி.பி.’ என்று போர்டு. புதிதாக வருகிறவர்கள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அது அவன் மனைவி தையல்நாயகியின் பெயர் என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது.

வைத்தீஸ்வரனுக்குத் தையல்நாயகியே வாய்த்தாளே, சாமி போட்ட முடிச்சு என்று கல்யாணத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். அந்தச் சாமி ஊரார் நோயையெல்லாம் தீர்த்துவைக்கிற சாமி. அவளுடைய இளைப்பை மட்டும் ஏனோ அது கண்டுகொள்ளவில்லை. போன தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் மூச்சுத் திணறிப் போய்விட்டாள். படுக்கப்போகும்போது நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொள்வது அவள் வழக்கம்.

திரையில் வேலை தானாக நடந்துகொண்டிருந்தது. ஒரு கோப்பு திறக்கும், பக்கம் ஒரு கணம் வெள்ளையாக மின்னும், மூடும், அடுத்தது திறக்கும். எல்லாம் சுந்தர்சிங் செய்துகொடுத்த ஏற்பாடு. சேலையூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். வைத்தியின் பழைய கம்ப்யூட்டர் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. புதியதை வாங்கினால் பழைய தமிழ் ஃபாண்டுகள் அதில் ஏறாது; வேர்டு கோப்புகளைத் திறந்தால் கோழி கிளறிய மாதிரி ஆங்கில எழுத்துகள்தான் வரும். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி வைத்துவிட்டால் எழுத்து குலையாது.

“ஒண்ணொண்ணா நீங்களே மாத்திக்கினு இருந்தா ஆயுசு பத்தாதுண்ணா,” என்று சொல்லியிருந்தான் சுந்தர்சிங். “இது தானா திறக்கும், பிடிஎஃப் போடும், மூடும், அடுத்ததுக்குப் போயிடும். புதுசா அடிக்கிறதும் சேரணும்ல, அதான் டெய்லி சாயங்காலம் ஆறு மணிக்கு முதல்லேர்ந்து எல்லாம் ஓடற மாதிரி செட் பண்ணிட்டேன். நீங்க கைய வைக்கவே வேணாம்.”

கல்யாணப் பத்திரிகைகள், வாடகை ஒப்பந்தங்கள், டியூஷன் நோட்டீஸ்கள் எல்லாம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு ‘அஞ்சலி’ ஃபோல்டர் வந்தது. வைத்தியின் கடைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததே கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். வீட்டில் பிணத்தைக் கிடத்திவிட்டு ஓடிவருவார்கள். எடுப்பதற்குள் தெருவில் ஒட்டியாக வேண்டும். அந்த அவசரத்தில் தேதியை ஒவ்வொரு தடவையும் அடிப்பானேன் என்று, ‘மறைவு’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் தேதி தானாக விழும்படி ஆதியிலேயே செய்துவைத்திருந்தான். கோப்பை என்றைக்குத் திறந்தாலும் அன்றைய தேதி நிற்கும். அதில் ஒருநாளும் பிழை வந்ததில்லை. வருகிறவர்கள் எல்லாம் அன்றைக்குப் போனவருக்காக வருகிறவர்கள். அச்சடித்த பிறகு அந்தக் கோப்பை யாரும் திறக்கப்போவதில்லை.

‘தையல்’ என்ற கோப்பு திறந்தது.

வேறு யாராவது அடித்தால் பெயரில் பிழை விட்டுவிடுவார்கள் என்று, அவள் போன அன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவனே அடித்தது. அதற்குப் பிறகு அதன் பக்கம் போகவில்லை. இயந்திரத்துக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. வைத்தி மவுஸை எட்டுவதற்குள் பக்கம் மின்னி மூடிவிட்டது. பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தான். அவள் முகம் இருந்தது, பெயரில் பிழை இல்லை. மறைவு என்ற இடத்தில் இன்றைய தேதி இருந்தது.

நாளைக்கு உட்கார்ந்து எல்லாவற்றிலும் பழைய தேதியைக் கையால் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கடையைப் பூட்டினான்.

பழைய பெருங்களத்தூரில் அவன் வீடு. பூட்டைத் திறந்ததும் தைல வாசனை முகத்தில் அடித்தது. சமையலறை மேடையில் ஒரு காபி தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. அவன் காலையில் டீக்கடையில்தான் குடித்தான். பின்கட்டுக் கொடியில் ஈரப் புடவை சொட்டிக்கொண்டிருந்தது. முறத்தில் பாதி நறுக்கிய பீன்ஸும் அதன்மேல் கத்தியும் கிடந்தன. படுக்கையில் தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சாய்ந்து உட்காருவதற்காக அவள்தான் அப்படி அடுக்குவாள். தொட்டுப் பார்த்தான். மேல் தலையணை இன்னும் சூடாக இருந்தது.

அவனுக்கு மெல்லத்தான் புரிந்தது. இன்று இறந்தவள் என்றால், இன்று சாயங்காலம் வரை அவள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அவன் கடையில் உட்கார்ந்திருந்தபோது இந்த வீட்டில் அவள் குளித்திருக்கிறாள், துவைத்திருக்கிறாள், அவன் வருவான் என்று பீன்ஸ் நறுக்கியிருக்கிறாள். பிறகு தன்னந்தனியாக, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல். தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு வைத்தி வாய்விட்டு அழுதான்.

மறுநாள் அவன் கடைக்குப் போகவில்லை. கோப்பில் கை வைக்கவும் இல்லை. விடிந்ததும் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

“என்னங்க, இன்னைக்குக் கடை லீவா?” என்றாள் தையல்நாயகி. கையில் காபி. நெற்றியில் சாந்துப்பொட்டு கொஞ்சம் கோணலாக, எப்போதும் போல.

பகல் முழுக்க அவள் பின்னாலேயே நடந்தான். “என்ன இது, கன்னுக்குட்டி மாதிரி,” என்று அவள் சிரித்தாள். அவள் கையால் சோறு சாப்பிட்டான். மத்தியானம் அவள் தூங்கும்போது முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இந்த ஒரு வருஷத்தில் அவன் சந்தோஷமாக இருந்தது அன்று ஒருநாள்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் தொண்டையில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. பூனைக்குட்டி எங்கோ கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு கத்துகிற மாதிரி, மெல்லிசாக.

தூக்கிக்கொண்டு ஓடினான். முக்கில் பாட்சா பாயின் ஆட்டோ நின்றது, போன வருஷம் நின்ற அதே இடத்தில். ஜி.எஸ்.டி. ரோடு சந்திப்பில், போன தீபாவளிக் கூட்டத்தில் நின்ற மாதிரியே, வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. பண்டிகையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண் பிதுங்கியது. உதடு நீலமானது. பிறகு மடியில் கனம் இல்லை.

“இன்னா சார், இவ்ளோ அவசரம்?” என்றார் பாட்சா திரும்பிப் பார்த்து. “தனியா ஏறி உக்காந்துக்கினு ஏன் சார் அழுவுறீங்க?”

மறுநாள் காலையில் காபி இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. மத்தியானமே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் உட்காரவைத்துப் பார்த்தான். ஊசிகூட வாங்கிவைத்துப் பார்த்தான். ஆறு மணிக்கு எல்லாம் ஒன்றுதான்.

அவள் மட்டும் இல்லை. ஒருநாள் முடிச்சூர் ரோட்டில் டீக்கடை பெஞ்சில் சுப்பராயலு உட்கார்ந்திருந்தார். நிலபுலன் நிறைய உள்ளவர். மாரடைப்பில் போனபோது பெயர் பெரிசாக வரவேண்டும் என்று அவர் மகன் சண்டைபோட்டு அடித்துக்கொண்டு போன போஸ்டர் வைத்திக்கு நினைவிருந்தது. மகன் பக்கத்தில் நின்று டீயை ஆற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தான். வைத்தியைப் பார்த்ததும் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயைத் திறந்து சொன்னால் போய்விடுவார்களோ என்று எல்லா வீட்டிலும் பொத்திவைத்துக்கொண்டிருந்தார்கள், அவனைப் போலவே.

ஆனால் செத்தவர்களுக்கு மறக்கவில்லை.

முதலில் அவள் களைப்பு என்றாள். பிறகு சிரிப்பது நின்றது. பிறகு காலையிலேயே தலையணைகளை அடுக்கிவைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். காபி மட்டும் போட்டாள். ஒருநாள் தம்ளரை நீட்டியவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“நேத்தும் வலிச்சுதுங்க,” என்றாள். “முந்தாநேத்தும். ஒருதரம் செத்தா போதாதாங்க?”

அவன் கடைக்கு ஓடினான். ஆறு மணி ஓட்டத்தை நிறுத்தினான். அவளுடைய கோப்பில் பழைய தேதியை அடித்தால் கூடப் போதும், ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்ய விரல் போகவில்லை. ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்தபோதே கட்டிலில் அவள் இல்லை; அப்படியே படுத்தான்.

மறுநாள் சமையலறையில் சத்தம் இல்லை. காபி இல்லை. கொடியில் புடவை இல்லை. தலையணையில் வாசனைகூட இல்லை. வீடு முழுக்கத் தேடினான், பீரோவுக்குள்கூடத் தேடினான். அந்த ஒரு பகலை அவனால் தாங்க முடியவில்லை. விளக்கு வைப்பதற்குள் கடைக்குப் போய், நிறுத்தியதை மறுபடி ஓடவிட்டான்.

அடுத்த நாள் காலையில் அவள் கட்டிலில் இருந்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்னைக்கு நிறுத்திடறேன் தையல்,” என்றான். “சத்தியமா. சாமி சத்தியமா.”

அன்று சாயங்காலம் மழை மேகம் இறங்கிச் சந்து சீக்கிரமே இருட்டியது. வைத்தி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். நிறுத்துகிற இடத்தில் அம்புக்குறி நின்றது. அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தினால் நாளைக் காலையில் அந்தக் காலி வீடு.

வெளியே காலடிகள் கேட்டன. செருப்பில்லாத கால்கள்.

சுப்பராயலு முதலில் வந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். “தம்பி, தாங்கல தம்பி,” என்றார். “நிறுத்திடு.” அவருக்குப் பின்னால் தீக்காயத்தோடு ஒரு பெண். காதில் ரத்தம் காய்ந்த இளைஞன். பள்ளிச் சீருடையில், தலையெல்லாம் ஏரித் தண்ணீர் சொட்டும் ஒரு சிறுமி. எல்லா முகத்தையும் அவன் அறிவான். எல்லோருடைய போட்டோவையும் அவன்தான் வெட்டி ஒட்டினான். சந்து நிறைந்துவிட்டது. யாரும் கோபப்படவில்லை. கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில், சுவரைப் பிடித்துப் பிடித்து, தையல்நாயகி வந்தாள். பெருங்களத்தூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

வைத்தி எழுந்தான். ஷட்டரை இழுத்தான். அது முழுக்க இறங்கவில்லை; விரற்கடை இடைவெளி எப்போதும் இருக்கும்.

“என்னங்க.” அந்த இடைவெளி வழியாக அவள் குரல் வந்தது. “நான் போறேங்க. விட்ருங்க.”

“நாளைக்கு,” என்றான். “நாளைக்கு நிறுத்திடறேன். இன்னும் ஒரே ஒருநாள்.”

திரை தானாக விழித்தது.

ஒரு கோப்பு. பக்கம் வெள்ளையாக மின்னியது. வெளியே ஒரு மூச்சு நின்றது.

அடுத்தது. ஒரு சின்ன அலறல். தண்ணீரில் கை அடிக்கிற சத்தம்.

அடுத்தது. சுப்பராயலு, “அம்மா” என்றார்.

பிறகு தைல வாசனை. அந்தப் பூனைக்குட்டிச் சத்தம். ஷட்டருக்குக் கீழே அவள் விரல்கள் உள்ளே வந்தன. கண்ணாடி வளையல் தரையில் உரசியது. நகங்கள் இன்னும் நீலமாகவில்லை. அவள் கோப்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது.

வைத்தி தரையில் படுத்து அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை கையை விடவே மாட்டேன் தையல் என்று அழுதான்.

விரல்கள் அவன் கையைத் தள்ளின. மறுபடி பிடித்தான். நகத்தால் கீறித் தள்ளின.

‘தையல்’ கோப்பு திறந்தது.