ரப்பர் வாத்தியார்

மாடிப்படி முடியும் இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பகல் மூன்று மணி. கதவில் இன்னும் அந்தப் பலகை தொங்கியது: 'ஓவிய வகுப்பு, மாலை ஐந்து முதல்'. ஓரத்திலிருந்த செருப்பு அடுக்கில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை.

அவளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானே அந்தப் படக்கதை போடுற பொண்ணு?"

"ஆமாம்மா."

"அவரு போய் ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப எதுக்கு வந்த?"

என்ன சொல்வது? அவள் வாராவாரம் இணையத்தில் வரைந்து போடும் தொடருக்கு இரண்டு லட்சம் வாசகர்கள். அதில் வரும் பேயின் பெயர் ரப்பர் வாத்தியார். சரியாக வரையாத பிள்ளைகளின் முகத்தை ரப்பரால் தேய்த்து அழித்துவிடும். அந்தப் பேய்க்கு மாஸ்டரின் கூன் முதுகையும், காதில் செருகிய பென்சிலையும், "திரும்பப் போடு" என்று அவர் சொல்கிற தோரணையையும் அச்சு அசலாகக் கொடுத்திருந்தாள். யாரென்று கண்டுபிடிக்க யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அப்படியும் மாஸ்டர் தினம் ஐந்து மணிக்கு வந்து வெறும் வகுப்பில் உட்கார்ந்திருந்தாராம். ஒரு நாள் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அது ஆரம்பித்தது.

முதலில் அவள் வரைந்த முகங்கள் போயின. படத்தைச் சேமித்து மூடுவாள். மறுபடி திறந்தால் உடம்பு இருக்கும், சட்டை மடிப்புகூட இருக்கும், முகம் இருந்த இடம் மட்டும் வெள்ளை. கம்ப்யூட்டரில் கோளாறு என்று நினைத்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படம் வெளுத்தது. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். இறந்துபோன அம்மாவின் குரல் ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை.

இன்று காலை தங்கை எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே உறவு. நிமிர்ந்து பார்த்தபோது, தங்கைக்கு இடது கண் இருந்த இடம் மொழுக்கென்று இருந்தது.

"என் தங்கச்சி முகம் அழியுதும்மா," என்றாள். "சார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். வேற எங்க போறதுன்னு தெரியல."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை, பைத்தியமா என்றும் கேட்கவில்லை.

"நான் உன்னை மன்னிக்கல. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா உள்ள போ. ரெண்டு மாசமா அந்த ரூம்ல தேய்க்கிற சத்தம். என்னால முடியல."

அறைக்குள் டர்பன்டைன் வாடையும் பென்சில் சீவிய வாடையும் இருந்தன. ஜன்னல் வெயில் பெஞ்சுகளின் மேல் கிடந்தது. ஆனாலும் உள்ளே குளிர்ந்தது. அவள் மாஸ்டரின் மேசையில் காகிதத்தை விரித்து, அவர் முகத்தை வரைந்தாள். அழகாகவே வரைந்தாள்.

சர்ர்... சர்ர்...

காகிதம் அதிர்ந்தது. கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகக் கரைந்தன.

மறுபடி வரைந்தாள்.

சர்ர்... சர்ர்...

ஐந்தாவது தடவை பென்சிலைப் போட்டுவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்தாள்.

"என்ன வேணும்னு சொல்லுங்க சார். எதை வேணா எடுத்துக்குங்க. அவளை விட்டுடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

காதோரம் மூச்சுக் காற்று பட்டது.

"திரும்பப் போடு."

அவளுக்குப் புரிந்தது. அழகான முகத்தை அவர் எந்தக் காலத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்?

நடந்ததை வரைந்தாள். பதினாறு வயதில், யாரோ வரைந்த முகங்களைக் காப்பியடித்துக்கொண்டு வந்த தன்னை. "இது உன் கோடு இல்லம்மா, எங்கேயோ பாத்தது," என்று அழித்த மாஸ்டரை. எல்லோரும் போன பிறகும், அவளுக்கென்று ஒரு முகம் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரை. அந்த முகத்தின் கீழே தேதி போட்டுக் கொடுத்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டவரை. தொடரில் இதையெல்லாம் அவள் தெரிந்தேதான் சேர்க்காமல் விட்டிருந்தாள். பேய் என்றால்தான் ஆள் படிப்பார்கள்.

எட்டுக் கட்டங்கள். தேய்க்கும் சத்தம் வரவில்லை.

படம் பிடித்துத் தொடரில் ஏற்றினாள். கீழே எழுதினாள்: 'என் வாத்தியார் பேய் இல்லை. நான்தான் பொய் சொன்னேன்.'

மாஸ்டரின் மனைவி காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இப்படித்தான் இருந்தாரு," என்று மட்டும் சொன்னார்.

போனில் தங்கையின் படத்தைத் திறந்தாள். இரண்டு கண்களும் இருந்தன. அம்மாவின் முகமும், தாடை மச்சத்தோடு, மனதுக்குள் வந்து நின்றது. படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

தெருவில் இறங்கித் தங்கைக்குப் பேசலாம் என்று, பூட்டு திறக்கப் போனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

'முகம் பொருந்தவில்லை.'

அழுத முகம் என்பதால் இருக்கும். துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள்.

'முகம் பொருந்தவில்லை.'

துடைத்த விரலைப் பார்த்தாள். நுனியில் ரப்பர்த் துகள்கள் சுருள் சுருளாக ஒட்டியிருந்தன.

வீடுவரை ஓடி மாடி ஏறினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மணியை விடாமல் அடித்தாள். தங்கை திறந்தாள். முழு முகம், முழுச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"யாரு வேணும்?"

"நான்தான்டி..."

தங்கை ஓரடி பின்வாங்கிக் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். தெரியாதவர்களிடம் பேசும் மரியாதையோடு சொன்னாள்:

"அக்கா வெளிய போயிருக்காங்க. வர்ற நேரம்தான். நீங்க கீழ இருங்க."