கழுத்தளவு தண்ணீர்

மழைக்குப் பயந்து ஓடி வந்தவன், ஆஸ்பத்திரி வாசலில் நேராக வந்து அவள் மேல்தான் மோதினான்.

அவள் கையிலிருந்த பாட்டில் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. நல்லவேளை, எல்லாம் காலி பாட்டில்கள். அவனோ தன் ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் சாய்ந்து நின்றான்.

"எதிர்ல வர்றவங்க கண்ணுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுது மேடம்... தெரிஞ்ச பிறகுதான் பிரேக் பிடிக்கல."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நான் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். நேராப் பாத்து ஓட்டுங்கன்னு ஊருக்கே சொல்லிக் குடுக்கறவன். வெளிய சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும்."

சிரித்துவிடக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் புருவத்திலிருந்து வழிந்த ஒரு சொட்டு இமையில் வந்து நின்றது. அந்தக் கண்கள்... சே, காலங்காத்தாலே என்ன இது!

"பெட்டில என்ன?"

"எங்க அக்காவோட பால். பால் வங்கிக்குக் குடுத்தனுப்பினா. எங்க இருக்கு அது?"

"குடுங்க. அந்த வங்கியே நான்தான்."

பொய்யில்லை. குறைமாதத்தில் பிறந்து, பெற்றவளிடம் பால் இல்லாமல் கிடக்கும் பிள்ளைகளுக்காக வேறு அம்மாக்கள் தரும் பாலைச் சூடாக்கி, குளிர வைத்து, கிருமி இருக்கிறதா என்று சோதித்துக் கொடுக்கும் அறை அது. அதில் டெக்னீஷியன் அவள் ஒருத்திதான். கையைக் கழுவிவிட்டுக் குழாயையும் கழுவுகிறவள் என்று நர்சுகள் அவளுக்கு வைத்த பெயர் 'சோப்பு'. அவளுக்குக் கோபமே வராது. பயம்தான் வரும். நமக்கெல்லாம் தும்மலோடு போய்விடுகிற ஒரு கிருமி, அந்தப் பிஞ்சு வயிற்றுக்குள் போனால் உயிரையே கொண்டுபோய்விடும்.

இப்போதும் குறைமாதப் பிள்ளைகள் வார்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தாள். கையில் ஏந்தினால் உள்ளங்கைக்குள் அடங்குவாள் என்பதால் 'உள்ளங்கை' என்றே வார்டில் கூப்பிட்டார்கள். அவள் அம்மா நினைவில்லாமல் தீவிர சிகிச்சையில் கிடந்தாள்.

மழை விடவில்லை. மாஸ்டரும் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, அக்காவின் பால் என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்த்தான். பாலையா பார்த்தான்? அவளுக்குப் பின்கழுத்து கூசியது...

சூடு காட்டிய பாட்டில்களை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, குழாயை லேசாகத் திறந்துவிட்டாள். அக்காவின் பாட்டில்கள், கூடவே அன்று வந்த வேறு இரண்டு அம்மாக்களின் பாட்டில்கள். இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் மூடியைத் தொடக் கூடாது. சுடுபால் ஆறும்போது உள்ளே சுருங்கி, மூடி இடுக்கில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை அவள் சொல்வாள்.

கண்ணாடிக்கு அப்பால் அவன் தன் தலையைத் தொட்டுக் காட்டினான். என்ன? அவளுடைய தலைத் தொப்பி கோணலாம்! நேராக்கினாள். இல்லையென்று தலையசைத்தான். இன்னும் கொஞ்சம்... இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... கடைசியில் பார்த்தால் தொப்பி முதலிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஃபிராடு! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

திரும்பினாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில்கள் கழுத்தைத் தாண்டி மூடியோடு முழுகிக் கிடந்தன.

பதறிப்போய்த் தண்ணீரை இறக்கினாள். 'கொஞ்ச நேரம்தானே... மூடி இறுக்கமாத்தான் இருக்கு' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு அதை மறக்கவும் செய்தாள். மறக்க விரும்புகிறதை மறக்க மனசுக்குச் சொல்லியா தர வேண்டும்?

இரண்டு நாள் கழித்து, கிருமி வளர்கிறதா என்று ஒரு சொட்டுப் பால் தடவி வைத்திருந்த சோதனைத் தட்டைத் திறந்தாள். அக்காவின் பாலில் பச்சையாகக் கிருமி படர்ந்திருந்தது.

அதே நேரம் பார்த்து அடுத்த பெட்டியோடு வந்து நின்றான் மாஸ்டர். தலை வாரி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு...

"இத எடுக்க முடியாது," என்றாள். பயத்தில் குரல் கடுகடுத்தது. "போன தடவை குடுத்ததுல கிருமி வளந்திருக்கு. வீட்ல பால் எடுக்கற பம்ப ஒழுங்காக் கழுவறீங்களா இல்லையா? சுத்தமில்லாத வீட்லேருந்து பால் வாங்கி ஒரு குழந்தைய நான் சாகடிக்க முடியாது."

அவன் முகம் செத்துப்போனது.

"எங்க அக்கா சுத்தமில்லாதவளா? பச்ச உடம்போட நின்னு ஒவ்வொண்ணையும் கொதிக்க வச்சு எடுக்கறா மேடம். உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. அவள இப்படிச் சொல்லாதீங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் மற்ற இரண்டு தட்டுகளும் பேசின. மூன்று வீடு, மூன்று அம்மா... ஒரே பச்சை. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தத் தொட்டித் தண்ணீர் ஒன்றுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்! வார்டு டாக்டரம்மாவிடம் போய் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி அழுதாள்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கோ," என்றார் டாக்டரம்மா. "சோதிச்ச பழைய பால் இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் வரும். புதுப்பால் சோதிச்சு முடிக்கவும் ரெண்டு நாளாகும். இன்னிக்கே பால் வந்தாதான் உள்ளங்கைக்கு உண்டு. மத்த ரெண்டு அம்மாவும் ஊருக்குப் போயாச்சு. யாரைத் திட்டி அனுப்பினியோ அவங்க காலடியிலயே போய் நில்லு."

விலாசத்தை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்தாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு. கதவைச் சாத்திவிட்டால்?

கதவைத் திறந்தது அக்காதான். தோளில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மேஜைமேல் அப்போதுதான் உடைத்த பால்பவுடர் டப்பா.

"பால் வங்கிப் பொண்ணு நீதானாம்மா?" என்றாள் அக்கா. கண் வீங்கியிருந்தது. "தம்பி திருப்பிக் கொண்டுவந்தத எல்லாம் கொட்டிட்டேன். இவளுக்கும் குடுக்கல. என் பால்ல விஷம் இருக்கும்போல, எம்பொண்ணுக்கே எப்படிக் குடுப்பேன்? பாட்டில வாயில வச்சா துப்பறா. மத்தியானத்துலேருந்து கத்தறா..."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு சொல், ஒரு தாயின் மார்பையே பூட்டிவிட்டதே!

"குடுங்கக்கா. இப்பவே குடுங்க. உங்க பால்ல ஒரு குத்தமும் இல்ல. கெடுத்தது நான். குளிர வைக்கும்போது தண்ணி மூடிக்கு மேல ஏறிடுச்சு. என் தப்ப உங்க தலையில போட்டுட்டேன்."

அக்கா திரும்பி உட்கார்ந்து குழந்தையை மார்போடு சேர்த்தாள். அழுகை சட்டென்று நின்றது. குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் அக்காவின் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது.

"குழாயக்கூடக் கழுவறவள்னு உன்னப் பத்தித் தம்பி வந்து சொன்னான்," என்றாள் பிறகு. "அப்பேர்ப்பட்டவளுக்குத் தண்ணி ஏறினது எப்படித் தெரியாமப் போச்சு?"

அறை வாசலில் மாஸ்டர் வந்து நின்றிருந்தான். பொய் சொல்ல இடமிருந்தது. போன் வந்தது என்று சொல்லலாம். ஆனால் ஒரு பொய் பண்ணிய வேலையைத்தான் பார்த்தாயிற்றே...

"உங்க தம்பியப் பாத்துக்கிட்டிருந்தேங்க்கா."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். காது மடல் கொதித்தது.

அக்கா தம்பியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "நல்லாப் பாத்தீங்க ரெண்டு பேரும்!" என்று பெருமூச்சு விட்டாள். "இவ குடிச்சு முடிக்கட்டும். இன்னொரு பக்கத்துப் பால எடுத்துத் தரேன். அந்தச் சின்ன உசுரு என்ன பண்ணிச்சு பாவம்."

பெட்டியோடு அவளையும் மாஸ்டரே தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தான். அறைக்கு முன்னால் அவள் கை நீட்டினாள்.

"இதுக்கு மேல வராதீங்க. கண்ணாடிகிட்டயும் நிக்காதீங்க. தயவுசெஞ்சு போயிடுங்க."

போய்விட்டான். அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வார்டில் பழைய பாலின் கடைசி பாட்டிலைத் திறந்துவிட்டார்கள். அவள் புதுப்பாலின் சோதனைத் தட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். டாக்டரம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

சுத்தம். ஒரு புள்ளி இல்லை!

மெல்லிய குழாய் வழியாக உள்ளங்கையின் வயிற்றுக்குள் அக்காவின் பால் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தான். சட்டை கசங்கிக் கிடந்தது.

"இறங்கிடுச்சு," என்றாள்.

அவன் கண்ணை மூடித் திறந்தான். "அக்காகிட்ட சொல்லிடறேன்." எழுந்தவன் போகாமல் நின்றான். "அன்னிக்கு நான் கோவப்பட்டது அக்காவுக்காக மட்டும் இல்லீங்க. வேற யாராவது சொல்லியிருந்தா சண்ட போட்டுட்டு மறந்திருப்பேன். நீங்க சொன்னீங்க... அதான் தாங்கல. பிடிச்சவங்க சொன்னாத்தானே சுடும்?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உங்களுக்கு வேல முடிய நேரமாகுமா?"

"ஆகும்."

"காத்திருக்கேன். எங்க நின்னா உங்க கை தடுமாறாதுன்னு சொல்லுங்க. அங்க போய் நிக்கறேன்."

அவள் வராந்தாவைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக, பயமில்லாமல், அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அப்படி ஒரு இடமே இல்லீங்களே..."