தலையில் அடித்த சத்தியம்

குழந்தையின் தலைமுடியில் பீடி வாசம் அடித்தது.

சோணைமுத்து தறிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக மகளைத் தூக்கி உச்சியில் முத்தம் கொடுத்தபோதுதான் அது மூக்கில் ஏறியது. தேங்காய் எண்ணெய், வியர்வை, காலையில் தாய்க்காரி வைத்துவிட்ட, வாடிப்போன மல்லிகை, இதற்கெல்லாம் அடியில் அணைந்த பீடித் துண்டின் கருகல். செல்லக்கிளிக்கு மூன்று வயது. அவன் தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். பஞ்சுத் தூசியும் தறி எண்ணெயும் மட்டும்தான் இருந்தன. தன் மேல் இல்லாத வாசம் பிள்ளை மேல் எப்படி வரும்?

இரண்டு மாசத்துக்கு முன்னால், சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு ஒருநாள் அவன் இருமிய இருமலில் துண்டில் ரத்தம் பட்டது. பெண்டாட்டி அன்னக்கொடி அழவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாள்.

"இவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க, இனிமே பீடியத் தொட மாட்டேன்னு."

சூடு பறக்கும் அந்தச் சின்ன உச்சியில் உள்ளங்கையை வைத்து அடித்தான்.

"தொட்டா இவ எனக்கு இல்ல."

அதற்குப் பிறகு அவன் தொடவே இல்லை. முதலில் தூக்கம் கெட்டது. அப்புறம் நாக்குக்கு உப்பும் புளியும் தெரிந்தன. அயிரைமீன் குழம்பை வழித்து வழித்துத் தின்றான். வைகைப் பாலத்தில் மூச்சு வாங்காமல் சைக்கிள் மிதித்தான். மழைக்கு முன்னால் செல்லூர்க் கண்மாயிலிருந்து வரும் ஈர மண் வாசத்துக்கு நடு ரோட்டில் காலூன்றி நின்றான். இருபது வருஷம் இதெல்லாம் எங்கே போயிருந்தது என்று இருந்தது.

ஆசை மட்டும் போகவில்லை. டீ குடித்ததும், சோறு தின்றதும், தறி நின்றதும் நெஞ்சுக்குள் ஒரு வாய் திறந்து கேட்கும். பல்லைக் கடித்துக்கொள்வான். கொஞ்ச நேரத்தில் அது தானாக அடங்கிவிடும், யாரோ ஊட்டிவிட்டதைப் போல.

இப்போது அன்னக்கொடியும் பிள்ளையின் தலையை முகர்ந்தாள்.

"மடியில வச்சுக்கிட்டே குடிச்சீகளா?"

"நான் குடிக்கல அன்னக்கொடி."

"அப்ப இவ குடிச்சாளாக்கும்?"

ஆடிக் காற்றோடு இருமல் வந்தது. அவனுக்கு அல்ல, பிள்ளைக்கு. இரண்டு சின்ன இருமல், ஒரு நீண்ட இழுப்பு, கடைசியில் தொண்டையைச் செருமும் ஒரு சத்தம். அவன் இருமிய இருமல் அதுதான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்டுல யாரு பீடி குடிக்கிறது?"

"யாரும் இல்லைங்க."

டாக்டரம்மா அவனுடைய கறுத்த உதட்டைப் பார்த்தார். அன்னக்கொடியும் பார்த்தாள். பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார்கள். வாசலில் நின்று சாவியைத் தேடும்போது அவள் சொன்னாள்.

"காலையில டீ நேரம் ஆனா இருமுறா. நீங்க மத்தியானம் சோறு தின்னுட்டுப் போனதும் இருமுறா. அந்தியில தறி நின்னா இருமுறா. மணி அடிச்ச மாதிரி வருதுங்க."

அவையெல்லாம் அவனுடைய பீடி நேரங்கள்.

மறுநாள் டீ நேரத்தில் பக்கத்துத் தறி ஜமீல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணே, பீடிய விட்டா மூஞ்சி இம்புட்டு மினுங்குமா? புது மாப்பிள்ளை கணக்கா ஆயிட்டீக. நானும் விட்டுருவேன், எங்க வீட்டுல தாங்க மாட்டா."

"ஜமீலு, பீடிய விட்டுட்டேன். ஆசைய எப்படி விடுறது?"

"ஒண்ணே ஒண்ணு குடிங்க. ஓடிப் போயிரும்."

நீட்டிய பீடியைக் கண்டு பாம்பை மிதித்தவனைப் போலப் பின்னால் துள்ளினான். ஜமீல் சிரிப்பை நிறுத்திவிட்டான். குடித்தால் சத்தியம் பிள்ளையைத் தின்றுவிடும். குடிக்காவிட்டால்? அந்த நினைப்பை அவன் முடிக்கவில்லை. வீட்டில் இந்நேரம் இருமிக்கொண்டிருப்பாள்.

அன்று தலைவலி என்று சொல்லிப் பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அன்னக்கொடி குடத்தோடு குழாய்க்குப் போனாள். செல்லக்கிளி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களைத் தூக்கிப் பார்த்தான். வலது கை இரண்டு விரல்களின் நுனியில் மஞ்சள் கறை. எச்சில் தொட்டுத் தேய்த்தான். போகவில்லை. வெளியே மேகம் கட்டி இருட்டிக்கொண்டு வந்தது. தெருவெங்கும் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் சுவரிலும் தரையிலும் அவன் பல்லிலும் அதிர்ந்தது. ஓடட்டும், நிற்காமல் ஓடட்டும் என்று அவன் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

கரண்ட் போனது.

செல்லூர் முழுக்க ஒரே நேரத்தில் தறிகள் நின்றன. காது அடைத்தது போல இருந்தது. தறி நின்றால் பீடி. இருபது வருஷத்துப் பழக்கம்.

நெஞ்சுக்குள் அந்த வாய் திறந்தது.

வேண்டாம் என்றான். வேறு எதையாவது நினைக்கப் பார்த்தான். குழம்பு. மழை. மல்லிகை. எல்லாமே புகை நாறின.

பாய் சரசரத்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள்.

இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி.

தீக்குச்சி உரசவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. புள்ளி மட்டும் பிரகாசமாகி மங்கியது. மறுபடியும் பிரகாசமானது.

தவழ்ந்து போய் அவள் கையைப் பிடித்தான். இரண்டு விரல்கள் உதட்டில் இருந்தன. அவற்றின் நடுவே ஒன்றுமே இல்லை. உள்ளங்கையால் வாயைப் பொத்தினான். அவன் விரல் இடுக்குகளில் சிவப்பு கசிந்தது.

"ஏங்க, விளக்க ஏத்தலையா?" தெருமுனையிலிருந்து அன்னக்கொடியின் குரல்.

ஆசைப்படாதே. ஆசைப்படாதே. சொல்லச் சொல்ல அது கனன்றது.

பிள்ளையின் மூக்கிலிருந்து புகை மெல்ல வந்து அவன் முகத்தில் பட்டது. அவன் நாக்கில் அந்தப் பழைய கசப்பு இனித்தது. நெஞ்சு குளிர்ந்தது. கண் தானாகச் சொக்கியது.

இரண்டு சின்ன இருமல். ஒரு நீண்ட இழுப்பு. செருமல்.

"போதுமாப்பா?" என்றாள் செல்லக்கிளி.

போதும் என்று சொல்ல வாயைத் திறந்தான். இருட்டில் புள்ளி இன்னும் சிவந்தது.