படியேறாத இஞ்சின்

"எங்க வீட்டு இஞ்சினைக் காணோம்" என்றாள் மேவிஸ் கிராப்ட்ரி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே. "எடுத்தது நான்தான்னு என் புருஷன் சிரில் சாதிக்கிறான். ரெண்டு நாளா எங்கிட்ட பேச்சே இல்ல."

ஹெலிவெல் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். ரயில்வேயில் தொலைந்துபோன சாமான்களைத் தேடித் தேடியே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் அவரை விட்டபாடில்லை. பக்கத்தில் இருந்த வில்ஃப், பஸ் கண்டக்டர். திருட்டு என்று காதில் விழுந்தால் போதும், காலில் சக்கரம் கட்டிக்கொள்வான்.

"எது, நிலவறையில மாட்டிக்கிட்டு நிக்குமே, அந்த இஞ்சினா?" என்று வில்ஃப் சிரித்துவிட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரான ஹெதர்க்ளஃபில் கம்பளி ஆலைப் புகைக்கு அடுத்தபடியாக எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தது அந்தக் கதைதான். தெருவில் ஓடும் நீராவி இஞ்சினைக் கன்றுக்குட்டி அளவில், கரி போட்டால் நிஜமாகவே ஓடி ஆளை இழுக்கிற மாதிரி, தன் வீட்டு நிலவறையிலேயே லேத் வைத்துக் கட்டினான் சிரில். பதினோரு வருட உழைப்பு. கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அது படிக்கட்டைவிட அகலம் என்று. யானை போய் வால் மாட்டிக்கொண்டது என்பார்கள். இங்கே யானையே மாட்டிக்கொண்டது.

மேவிஸ் சிரிக்கவில்லை. கைக்குட்டைக்குள் வெகுநேரம் இருமினாள்.

"இந்தப் புகையில இன்னொரு குளிர்காலத்தை என் நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. விட்பியில கடலோரமா என் தங்கச்சி வீட்டு மாடி காலியாத்தான் கிடக்கு. ஆனா சிரில், 'இஞ்சின் வந்தாத்தான் நானும் வருவேன்'ங்கறான். அது எப்படி வரும்? அது அங்க மாட்டிக்கிட்டு நிக்குது, அதோட சேர்ந்து நானும்."

"சுவத்தை இடிச்சா?" என்றார் ஹெலிவெல்.

"பக்கத்து வீட்டு ரெஜ் அதுக்குத்தான் ஆள் பேசினாரு. அவரும் இஞ்சின் கட்டறவர், அவங்க சங்கத்துக்குச் செயலாளர். நாளைக்குக் கொத்தனார் வர்றதா ஏற்பாடு. எல்லாம் முடிஞ்சுதுன்னு பெட்டியைக்கூட கட்டிட்டேன். புதன்கிழமை காலையில பார்த்தா, இஞ்சின் இல்ல. அது கிடைக்கிற வரைக்கும் வீட்டை விட்டு நகரமாட்டேன்னு சிரில் உட்கார்ந்துட்டான். போலீஸும் வேணாமாம், ஊர் சிரிக்குமாம்."

"ஊர் ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கு?" என்றான் வில்ஃப்.

ஹெலிவெல் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

நிலவறைக்குள் தூசி ஆகாதென்று மேவிஸ் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே கூரை தலையில் இடிக்கிற உயரம். சுவரெல்லாம் ஈரம் கசிந்தது. ஆனால் லேத்திலோ கருவிகளிலோ ஒரு பொட்டுத் துரு கிடையாது. ஒவ்வொரு ஸ்பானரும் தன் ஆணியில் தொங்கியது. சிரில் எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியோடு மூலையில் நின்றான். ரெஜ் பைப்பைப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தார்.

"ஒரு லாரி ஆளுங்க வந்தாத்தான் தூக்க முடியும்" என்றார் ரெஜ். "சுத்தி நாலு வீடு இருக்கு, ஒரு நாய்கூடக் குரைக்கல. மாயமா மறைஞ்சுடுச்சு."

வில்ஃப் படிக்கட்டை நாடா வைத்து அளந்தான்; இரண்டு பக்கச் சுண்ணாம்பையும் மூக்கு உரசப் பார்த்தான். "ஒரு கீறல்கூட இல்லீங்க!"

"பிரிச்சு எடுத்துட்டுப் போயிருக்கலாமோ?" என்று ஹெலிவெல் சிரிலைக் கேட்டார்.

"பிரிக்கவா? அதெல்லாம் ரிவெட் ஆணி அடிச்சு இறுக்கினது. உடைச்சாத்தான் உண்டு."

"ஆமாங்க, வரிசை வரிசையா ரிவெட் தலையை நானே பார்த்திருக்கேன்" என்றார் ரெஜ். "தொடத்தான் விடமாட்டான். புதுப்பொண்டாட்டி மாதிரி வச்சுக் காப்பாத்துவான்."

"பழைய பொண்டாட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்ல" என்று மேலிருந்து குரல் வந்தது.

ஹெலிவெல் மேசையிலிருந்த சின்னப் பித்தளை வால்வு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப நுணுக்கமான வேலை. அளவு எவ்வளவு வரைக்கும் தப்பலாம்?"

சிரிலின் முகம் முதன்முறையாக மலர்ந்தது. "அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. அதுக்கு மேல தப்பினா தூக்கிக் குப்பையில போட்டுடுவேன். எதையும் ரெண்டு தடவை அளக்காம நான் வெட்டினதே இல்ல."

வில்ஃப் அதற்குள் அறையின் கோடியில் இருந்த கரி அறைக்குப் போயிருந்தான். குறுகலான மரக்கதவு சாத்தியிருந்தது. அடியிடுக்கில் மஞ்சளாக வெளிச்சம். "யாரோ விளக்கை அணைக்க மறந்துட்டாங்க. கணப்பே மூட்டாத ஜூன் மாசத்துல கரிக்கு விளக்கு! கரண்டு என்ன சும்மாவா வருது?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

ஹெலிவெல் ஒரு முக்காலியை இழுத்து, மேவிஸைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"அம்மா, படிக்கட்டுல கீறல் இல்ல. வெளிய போக வேற வழியும் இல்ல. அப்போ உங்க இஞ்சின் வெளிய போகவே இல்ல. வில்ஃப் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. கரிக்கு எதுக்கு விளக்கு?"

ரெஜ் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "துரு!" என்றார். "நாங்க எல்லாருமே செய்யறதுதான். ஈரம் அடிக்கிற இடத்துல கருவிப் பெட்டிக்குள்ள பல்பை எரிய விடுவோம். அந்தச் சூட்டுக்கு இரும்பு துருப்பிடிக்காது."

"திருடினவனுக்குத் துருவைப் பத்தி என்ன கவலை?" என்றார் ஹெலிவெல். "இந்தம்மாவே எடுத்திருந்தா விளக்கு வச்சா காப்பாத்துவாங்க?"

"நானா? மழையில போட்டு மேல உப்பையும் கொட்டியிருப்பேன்" என்றாள் மேவிஸ்.

வில்ஃப் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். பல்பு வெளிச்சத்தில் சக்கரங்கள், கொதிகலன், தகடுகள் எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தைகளைக் கிடத்தியதுபோல வரிசையாகக் கிடந்தன. ரெஜ் ஒரு தகட்டைப் புரட்டினார். உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"வெளிப்பக்கம் ரிவெட் தலை. உள்பக்கம் திருகு, நட்டு! அடப்பாவி, இது ரிவெட்டே இல்ல. வேஷம் போட்ட போல்ட்டு!"

"பிரிக்க முடியும்னு தெரிஞ்சவர் ஒருத்தர்தான்" என்றார் ஹெலிவெல். "இந்தக் கரி அறைக் கதவு படிக்கட்டைவிடக் குறுகல். இதுக்குள்ள நுழைஞ்சது அதுல ஏறாதா? இந்த இஞ்சின் என்னைக்குமே மாட்டிக்கிட்டதில்ல. ஆயிரத்துல ஒரு பங்கு பார்க்கிற மனுஷன் படிக்கட்டை அளக்க மறந்தார்னு ஊரே நம்பிச்சு. அவர் மறக்கல. அளந்துட்டுத்தான் அகலமா கட்டினார். நாளைக்குச் சுவர் இடிஞ்சா, இங்கிருந்து கிளம்பாம இருக்கச் சாக்கு இருக்காது. அதனால இஞ்சின் தொலைஞ்சு போச்சு."

சிரில் கைகளை மேலங்கியில் துடைத்தான், மறுபடி துடைத்தான்.

"வெளிய போனா எனக்கு நிக்கவே இடம் இல்லாத மாதிரி இருக்கு, மேவிஸ்" என்றான். "இங்க எல்லாம் நான் சொன்னபடி கேக்கும். புது ஊரு, புது ஆளுங்கன்னு நினைச்சாலே எனக்கு மூச்சு முட்டுது."

"உனக்கு மூச்சு முட்டுதா?" என்றாள் மேவிஸ்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊரே உன்னைப் பார்த்துச் சிரிச்சப்போ கசாப்புக் கடைக்காரனோட நான் சண்டை போட்டேன். பாவம், இவ்வளவு உழைச்சும் மாட்டிக்கிச்சேன்னு உனக்காக அழுதிருக்கேன். அங்க பூட்டி வச்சிருந்தது இஞ்சினை இல்ல, என்னை."

"எனக்குக் கொஞ்சம் டைம் கொடு. குளிர்காலம் கழியட்டும்…"

"எனக்குக் குளிர்காலம் கிடையாது, சிரில்." அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். "நீ அதோட இரு. நான் ஒண்ணும் அவ்வளவு அகலம் இல்ல, வாசல்ல நுழைஞ்சுடுவேன்."

முன்கூடத்தில் கட்டித் தயாராக இருந்த பெட்டியை எடுத்தாள். வில்ஃப் முந்திக்கொண்டு அதை வாங்கிக்கொண்டான். வழக்கமாக ஒரு புதிர் அவிழ்ந்தால் துள்ளுகிறவன், அன்று பெட்டியோடு அவள் பின்னாலேயே நடந்தான். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு இத்தனை சங்கடப்பட்டது ஹெலிவெல்லுக்கும் அதுவே முதல் தடவை.

சிரில் தடதடவென்று படியேறி வந்தான். மேல்படியில் நின்றான். மேவிஸ் தெருக்கோடியில் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி, இருமலுக்கு ஒருமுறை நின்று, மறுபடி நடந்துகொண்டிருந்தாள். வாசல் கதவை அவள் சாத்தவில்லை. பஸ் வந்தது. சிரில் திறந்த வாசலைப் பார்த்தபடி நின்றான். குறுக்கே யாரும் இல்லை.