மருத்துவமனைக்கு வந்த சீமாட்டி

சுரங்கத்தில் பாறை விழுந்து தாம்சினின் அப்பாவுக்குக் கால் நசுங்கியது; மருத்துவமனையில் அந்தக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். கோல் ஊன்றி அவர் வீட்டுக்கு நடந்து வந்த அன்றே தாம்சின் ஒரு முடிவுக்கு வந்தாள். தன் வெள்ளாட்டை மருத்துவமனைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"நல்லா யோசிச்சியா? அது உன் செல்லமாச்சே" என்றார் அப்பா.

"உங்க காலை விடவாப்பா?"

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

வாட்டில் மேடு என்ற எங்கள் சுரங்க ஊரில் தங்கம் தோண்ட வந்த எல்லோரும் கூடாரத்தில்தான் குடியிருந்தோம். மருத்துவமனைக்கு மட்டும் கல் கட்டடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சுரங்கக்காரர்களே கல் சுமந்து கட்டியது அது. ரொட்டிக் கடைக்காரர் ரொட்டி கொடுத்தார். சீனத் தோட்டக்காரர் ஆ குவாங் சனிக்கிழமை தவறாமல் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுப் போவார். நாளைக்கு அங்கே யார் படுக்கப் போகிறோமோ, யாருக்குத் தெரியும்?

ஆட்டின் பெயர் சீமாட்டி. பெயருக்கேற்ற நடை, பெயருக்கேற்ற திமிர். ஆனால் நல்ல நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. பிரிஜெட் என்ற ஐரிஷ்காரம்மா கடும் காய்ச்சலில் கிடந்தாள். அவளுடைய கைக்குழந்தை ஃபின்டனுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததெல்லாம் வாந்தி. சீமாட்டியின் பாலைக் குடித்த பிறகுதான் அவன் அழாமல் தூங்கினான்.

"புண்ணியவதிடி நீ" என்று தாம்சினின் தலையைத் தடவினார் தலைமைச் செவிலி கில்கிறிஸ்ட் அம்மா.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. தாம்சின் பால் கறக்கப் போனபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார் கில்கிறிஸ்ட் அம்மா. கையில் பாதி தின்ற துணிச்சுருள்.

"பாரு உன் சீமாட்டி செஞ்ச வேலையை. காயத்துக்குக் கட்டுற துணி பூராவும் அது வயித்துல போகுது. கட்டிப்போட்டா ராத்திரியெல்லாம் கத்துது. கதவைச் சாத்தினா கொம்பால தள்ளித் திறக்குது."

"குழந்தைக்குப் பால்?"

"எனக்கும் அதே கவலைதான். ஆனா நாளைக்கே சுரங்கத்துல வெடி தப்பா வெடிச்சா நான் எதை வச்சுக் கட்டு போடுவேன், சொல்லு. சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு கண்ணு."

தாம்சின் கொல்லைக்கு ஓடினாள். சீமாட்டியை அவிழ்த்துவிட்டு, அப்படி என்னதான் செய்கிறது என்று பார்த்தாள்.

கொல்லையில் வேகவைத்து அலசிய பழைய கட்டுத் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. சீமாட்டி அவற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராகத் தாழ்வாரத்துக்குப் போய், புதிதாகக் கிழித்து வைத்திருந்த துணிக் கூடையில் வாயை வைத்தது.

அது ஏன் கொடியை விட்டுவிட்டுக் கூடைக்குப் போகிறது?

தாம்சின் ஒரு துண்டைப் பிடுங்கினாள். அட்டை போல் விறைப்பாக இருந்தது. நுனியை நக்கிப் பார்த்தாள்.

"ஐயே, நீயும் தின்ன ஆரம்பிச்சிட்டியா?" என்றான் வார்டு வேலைக்காரன் டக்கன்.

"டக்கன் அண்ணே, இது கஞ்சி போட்ட துணி."

விஷயம் இதுதான். மருத்துவமனைக்குப் பழைய துணி வேண்டும் என்றதும் ஊர்ப் பெண்கள் கிழிந்த பாவாடையையும் மேஜை விரிப்பையும் துவைத்து, கெட்டியாகக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு அனுப்பினார்கள். கசங்கிய துணியை அனுப்பினால் பக்கத்துக் கூடாரக்காரி என்ன நினைப்பாள்?

உள்ளே கட்டிலிலிருந்து டிரெம்பத் என்ற சுரங்கக்காரர் குரல் கொடுத்தார். "அதான் கை இப்படி அரிக்குதா? கட்டு போட்டாங்களா, தகரம் சுத்தினாங்களான்னு யோசிச்சிட்டே கிடந்தேன்."

தாம்சினும் டக்கனும் கூடைத் துணியை எல்லாம் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி போக அலசினார்கள். கஞ்சித் தண்ணீரில் தவிடு கலந்து தொட்டியில் ஊற்றினாள் தாம்சின். சீமாட்டி தொட்டியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. துணிகள் பூப்போல மெத்தென்று காய்ந்தன.

சாயங்காலம் கில்கிறிஸ்ட் அம்மா கஞ்சி போக அலசிய துணியில் டிரெம்பத்துக்குக் கட்டு போட்டார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இதை அவிழ்க்கவே வேணாம்மா" என்றார் அவர்.

கில்கிறிஸ்ட் அம்மா தாம்சினைப் பார்த்தார். "ஆடு இங்கேயே இருக்கட்டும். நீயும் அடிக்கடி வந்துட்டுப் போ."

மழைக்காலம் வருவதற்குள் பிரிஜெட் எழுந்து நடந்தாள். வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, டாக்டருக்கும் கில்கிறிஸ்ட் அம்மாவுக்கும் நன்றி சொல்லிவிட்டு, கொழுகொழுவென்றிருந்த ஃபின்டனைத் தூக்கிக்கொண்டு நேராகக் கொல்லைக்கு வந்தாள். சீமாட்டியின் முன்னால் பாவாடையை இரு விரலால் பிடித்து, முழங்காலை மடக்கி வணங்கினாள்.

"என் பிள்ளையைக் காப்பாத்தின தாயே, நல்லா இரு."

சீமாட்டி எட்டி, அவள் தொப்பியில் கட்டியிருந்த வெள்ளை நாடாவை வாயில் கவ்வியது. நாடாவில் நல்ல கெட்டியான கஞ்சி.

தாம்சின் பதறிப்போய்ப் பிடித்து இழுத்தாள். பிரிஜெட் சிரித்தபடியே தொப்பியைக் கழற்றி, நாடா முழுவதையும் அவிழ்த்து நீட்டினாள்.

"விடும்மா, சாப்பிடட்டும். அதுக்காகத்தான் நேத்தே கஞ்சி போட்டு வச்சேன்."