திரையில் தெரிந்த முதுகு

பழைய கமராவின் கண்ணில் யாரோ நகப்பூச்சுப் பூசியிருந்தார்கள்.

படுக்கையும் அடுப்பும் உள்ள பயண வண்டியான மோட்டர்ஹோமின் பின்பக்கம் சார்த்திய ஏணியில் நின்றபடி, விஜயா முதலில் அதைச் சேறு என்றுதான் நினைத்தாள். துணியால் துடைத்தாள், போகவில்லை. நகத்தால் சுரண்டியபோது கருஞ்சிவப்பாகச் செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரு பூச்சு இல்லை. காயவிட்டுக் காயவிட்டு மூன்று நான்கு தடவை பூசியது. கமராவைக் கழற்றி வயரை இழுத்தாள். அரை முழம்தான் வந்தது. குறடால் நறுக்கென்று வெட்டி, வெட்டிய முனைகள் தற்செயலாகவேனும் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் ஈயம் உருக்கிச் சர்க்கிட் போர்டுகளுக்குச் சோல்டர் பிடித்தவள் அவள். தானாக இற்றுப்போன வயர் எது, ஒருவர் வேண்டுமென்றே வெட்டிய வயர் எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வண்டியை மூன்று கிழமைக்கு முன்னர்தான் டார்னெய்ட் புறநகரில் அப்பளசாமி என்ற மலேசியத் தமிழரிடம் வாங்கியிருந்தார்கள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு வண்டி. வீட்டில் வண்டி விட அகலமான ட்ரைவ்வே இருந்தும், அவர் அதைத் தெருவோரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

"ரிவர்ஸ் கேமரா வேலை செய்யாதும்மா. மாத்தவும் வேணாம்," என்றார். "நான் பின்னால எடுக்கவே மாட்டேன். எவ்வளவு தூரம்னாலும் சுத்திக்கிட்டுப் போயிடுவேன்."

"உங்கட வைஃப்பும் பயணம் வாறவவோ?" என்று விஜயா பேச்சுக்குக் கேட்டாள்.

"வந்தாங்க," என்றார். "பின்னால நின்னு கை காட்டுனது அவங்கதான்." சாவியை அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விஜயாவுக்குக் கமரா இல்லாமல் முடியாது. இத்தனை வருடம் குனிந்து வேலை செய்த கழுத்து இப்போது பாதிதான் திரும்பும். நாளைக்கு மகள் ராகவி சிட்னியிலிருந்து கைக்குழந்தையோடு காரில் வருகிறாள். அதற்குள் வண்டியை வீட்டின் பக்கவாட்டால் பின்னுக்கு எடுத்து, ஷெட்டுக்குள் விட்டாக வேண்டும்.

ஜூன் மாதத்துக் குளிர்காலச் சனிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கே, அவர்கள் குடியிருந்த ரோவில் புறநகரின் தெருக்களில் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர்போல ஆகியிருந்தது. காலையிலிருந்து விடாத தூறல் கூரைத் தகரத்தில் மெல்லிய மணலைக் கொட்டுவதுபோல இரைந்தது. யாரோ விறகு மூட்டிய புகை ஈரத்தில் எழும்ப முடியாமல் வேலியோரமாகப் படர்ந்து வந்தது. கணவர் அரியரத்தினம் ஷெட்டுக்குள் பெட்டிகளை இழுத்து இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். மழைக்குப் பயந்து காது மெஷினைக் கழற்றி வைத்திருந்ததால், கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது.

புதுக் கமராவைப் பூட்டி, வயர் முனைகளைச் சேர்த்துச் சோல்டர் பிடித்துவிட்டு, விஜயா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் பாதி திருப்பி ரிவர்ஸ் கியரைப் போட்டாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கமராத் திரை வெளித்தது.

ஈரக் கொங்கிரீட். ஓரத்தில் குப்பைத்தொட்டிகள். எலுமிச்சை மரம். பாதையின் நடுவில், அவளுக்கு முதுகு காட்டியபடி, யாரோ குந்தியிருந்தார்கள்.

சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. மழையில் தலையோடு ஒட்டிப்போன முடி. நிலத்தில் விழுந்த எதையோ தேடுவதுபோலத் தலை குனிந்திருந்தது.

அவள் இறங்கி, குடைகூட எடுக்காமல் பின்னால் போனாள். ஒருவரும் இல்லை. தண்ணீர் மட்டும் சாக்கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நனைந்த கம்பளியின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. திரும்பி வந்து ஏறினாள்.

திரையில் அது இன்னும் குந்தியிருந்தது. முன்பைவிடக் கிட்ட.

ஷெட்டுக்கு ஓடிப்போய்ப் புருஷனின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் நீல மழைக்கோட்டோடு பக்கத்து இருக்கையில் ஏறி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஆரது? பக்கத்து வீட்டு மனுசியே?" என்றார். "பூனையைத் தேடுறாவாக்கும்."

அவருக்கும் தெரிந்தது என்பது விஜயாவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

"இஞ்சருங்கோ, நான் போய்ப் பாத்தனான்," என்று அவர் காதோடு சத்தமாகச் சொன்னாள். "அங்க ஒருத்தரும் இல்லை."

"நீ போகேக்க எழும்பிப் போயிருப்பா. பிறகு வந்திருப்பா."

"போகாதேங்கோப்பா. வண்டி இண்டைக்கு இப்பிடியே நிக்கட்டும்."

"பிள்ளை நாளைக்கு எங்க கார் விடுறது? நீ ஸ்டார்ட் பண்ணு. நான் அவவை எழுப்பிப்போட்டு, பின்னால நிண்டு கை காட்டுறன். பாத்து வா."

கதவு சாத்தியது. ஈரத்தில் அவருடைய செருப்புச் சத்தம் வண்டியின் பக்கவாட்டால் பின்னோக்கிப் போனது. விஜயா எஞ்சினை இயக்கினாள். பிரேக்கில் காலை அழுத்தி வைத்துக்கொண்டு ரிவர்ஸைப் போட்டாள்.

திரையில் அந்த முதுகு மட்டும் இருந்தது.

செருப்புச் சத்தம் வண்டியின் முடிவுவரை போனது. நின்றது. இப்போது அவர் திரைக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விஜயா எண்ணத் தொடங்கினாள். பதினொன்று வரை எண்ணினாள். வைப்பர் ஒரு தடவை போய்வந்தது.

திரை ஒரு கணம் இருண்டு, திரும்ப வெளித்தது.

பாதையின் நடுவில் குந்தியிருந்தவர் நீல மழைக்கோட்டுப் போட்டிருந்தார்.

முதுகு இந்தப் பக்கம். தலை குனிந்திருந்தது. தொப்பி விலகி, வழுக்கையில் மழை விழுந்துகொண்டிருந்தது. எதையோ தேடுவதுபோல அவருடைய கைகள் நிலத்தைத் தடவின.

"என்னப்பா, எழும்புங்கோ," என்றாள். ஹோர்னை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள். தெருவில் எங்கோ நாய் குரைத்தது. அவர் திரும்பவில்லை.

அப்போதுதான் வலப்பக்கப் பின்பார்வைக் கண்ணாடியில் ஓர் அசைவு தெரிந்தது. வண்டியின் பின்மூலையிலிருந்து ஒரு கை நீண்டு, மேலும் கீழுமாக அசைந்து, வா வா என்று அவளைப் பின்னுக்குக் கூப்பிட்டது. நிதானமாக. பழகிய கை.

சாம்பல் நிறக் கம்பளி. சட்டைக் கையின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

விஜயா எஞ்சினை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை முழுப்பலத்தோடு இழுத்தாள். சாவியை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். வைப்பர் பாதிவழியில் நின்றது. எல்லாம் அடங்கியது. மழை மட்டும்.

திரை அணையவில்லை.

பக்கவாட்டு யன்னலுக்கு வெளியே தபால்பெட்டி இருந்த இடத்திலேயே நின்றது. வேலி நின்றது. வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை. அவளுக்கு அது நிச்சயம்.

திரையில் மட்டும் ஈரக் கொங்கிரீட் மெதுவாக ஊர்ந்து வந்தது. குப்பைத்தொட்டிகள் ஒவ்வொன்றாக ஓரத்தால் விலகிப் போயின. நீல முதுகு பெரிதாகியது. இன்னும் பெரிதாகியது. கோட்டுத் தையல் தெரிந்தது. கழுத்து மடிப்பு தெரிந்தது.

கண்ணாடியில் அந்தக் கை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.